கேபிளக்கா தரும் ஒரு வரி அனுமதி

"போன் யாருது?" என்று கேட்டுவிட்டுத்தான் கேபிளில் கை வைப்பார் கேபிளக்கா. கழுத்தில் எப்போதும் மூன்று கேபிள்கள் தொங்கும். எந்தப் போனுக்கு எது என்று பார்க்காமலே கை எடுத்துவிடும். "என்னுதுதான்" என்று பதில் வந்தால் போனைக் கணினியோடு இணைப்பார். 'இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?' என்று திரையில் எழும் கேள்விக்கு விரல் வைக்க வேண்டியது சொந்தக்காரர்தான். "நீங்களே அமுக்குங்க. நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது பாருங்க."

வணிக வளாகத்தின் படிக்கட்டுக்கு அடியில் கடை. உயரமானவர்கள் ஒருமுறை தலையை இடித்துக்கொண்ட பிறகே குனியப் பழகுவார்கள். உடைந்த திரை, உப்பிய பேட்டரி எல்லாம் பார்க்கிறார் என்றாலும் அக்காவைத் தேடி வருகிறவர்கள் வேறொன்றுக்காக வருகிறார்கள். ஒவ்வொரு போனும் தனக்குள் ஒரு பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கிறது. எந்தச் செயலி எப்போது திறந்தது, எப்போது நின்றது, எதனால் நின்றது என்று எல்லாம் அதில் இருக்கும். லாக் என்பார்கள். அதைப் படிக்கும் அனுமதியைப் போன் எந்தச் செயலிக்கும் லேசில் தராது. செட்டிங்ஸ் முழுக்கத் தேடினாலும் அதற்கொரு பொத்தான் அகப்படாது. கணினியிலிருந்து ஒரு வரிக் கட்டளை போனால்தான் உண்டு. அந்த வரியை ஒற்றை விரலால் அடிப்பார் அக்கா. வேலை முடிந்ததும் இன்னொரு வரி அடித்து அனுமதியைப் பிடுங்கிக்கொள்வார். "மத்த ஆப்பு பண்றதையெல்லாம் படிக்கும் அது. அப்படியே விட்டுட முடியுமா?"

முன்பு பதினோரு வருடம் ஓர் உதவி எண்ணில் உட்கார்ந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அந்த வாக்கியத்தைக் கடையில் யார் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் ஒருவர், பூப்போட்ட உறைக்குள் இருந்த போனை நீட்டினார். "வீட்டுக்காரியோடது. அவளுக்கு வர நேரமில்லை" என்றார்.

"எனக்கும் இல்லை" என்று அடுத்தவரைப் பார்த்தார் அக்கா.

அந்த அடுத்தவர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்காரர். அவருடைய நிறுவனத்தின் செயலி ஓட்டத்தின் நடுவே மூடிக்கொண்டுவிடுகிறது, ஆர்டர் கைநழுவுகிறது. அவரே மூடிவிட்டுத் தட்டிக்கழிப்பதாக அலுவலகத்தில் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வேலைக்கான ஐடி முடக்கம். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

"சத்தியமா நான் மூடலைக்கா."

"சத்தியத்தை வெச்சு அவங்க என்னண்ணே பண்ணுவாங்க? லாக்கைக் காட்டுவோம்."

அவர் அக்கா என்றார், இவர் அண்ணே என்றார். யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. லாக் சேகரிக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஒரு வரியில் அனுமதி கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச்சொன்னார்.

வியாழக்கிழமை வந்தார். உதடு அசைய அசைய வரிகளைப் படித்தார் அக்கா. "ஏழு தடவை நின்னிருக்கு. ஆறு தடவை, மெமரி பத்தலைன்னு போனே நிறுத்தியிருக்கு."

வண்டிக்காரர் முகம் மலர்ந்தது. "ஏழாவது?"

"விரல். நேத்து மதியம் மூணு பத்துக்கு யாரோ தள்ளி மூடியிருக்காங்க."

வண்டிக்காரர் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "நேத்து காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைக்கா. ரெண்டு பன் வாங்கிட்டு உட்கார்ந்தேன், உடனே அடுத்த ஆர்டர், தள்ளி மூடிட்டேன். பதிவாகுதுங்கறதே மறந்துபோச்சு." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்களேன்."

எடுக்க ஒரு நொடி போதும். அக்காவின் விரல் அந்த வரிவரை போய் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"ஒண்ணைத் தொட்டோம்னு தெரிஞ்சா ஆறையும் நம்ப மாட்டாங்கண்ணே. ஏழும் போகட்டும்."

வண்டிக்காரர் ஏழையும் அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரர் தேநீரோடு வந்தபோது அவர் கோப்பையைத் தொடவில்லை. "உண்மை பேசறேன்னு ஒரு மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனோ?" என்றார். வீட்டுக்காரர் என்ன சொல்வார், "ஆறிடப்போகுது, குடி" என்றார்.

சனிக்கிழமை, குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தார் வண்டிக்காரர். ஐடி தப்பித்துவிட்டது. ஆறும் அவர் மூடியதல்ல என்று அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஏழாவதற்கு மட்டும் அவர் காரணம் எழுத வேண்டுமாம்.

"உடம்பு சரியில்லைன்னு போட்டுடவாக்கா?"

அக்கா போனை வாங்கி, காரணம் எழுதும் பெட்டிக்குள் 'பசி' என்று அடித்தார். அனுப்பும் பொத்தான் மங்கலாகவே இருந்தது. குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்றது செயலி. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பொத்தான் பச்சையாகும்வரை, பசி பசி பசி என்று ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே போனார்.