கிட்டக் காட்டுங்கோ, தம்பி

போன வருடக் குளிர்காலத்தில், மெல்பர்னில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் திருச்சி. இங்கே பாயிண்ட் குக் புறநகரில் குடியிருக்கிறோம். குழந்தை பிறந்த சமயத்தில் சின்னதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். கை நடுங்கினாலும் வீடியோ ஆடாது. மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும். ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்துகொள்ளும். லேப்டாப்போடு இணைத்தால் வீடியோ காலில் நேராகவே காட்டலாம். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு அப்படித்தான் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

என்னோடு வேலை செய்யும் இலங்கைத் தமிழர் ஒருவர் ஒருநாள் காலையில் கூப்பிட்டார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் மாரடைப்பில் இறந்துவிட்டாராம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. படகில் அகதியாக வந்தவர். நிரந்தர விசா கிடைக்காததால் ஊருக்குப் போக முடியவில்லை. கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்கும் இங்கே வர விசா கொடுக்கவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக இருவருக்கும் போன் பேச்சு மட்டும்தான்.

"நேற்று போன்ல முகத்தைக் காட்டினனாங்கள் அண்ணை. ஆடுது, இருட்டாக் கிடக்கு எண்டு அம்மா அழுறா. நாளைக்குச் செத்தவீடு. உங்கட கேமராவைக் கொண்டு வருவீங்களோ?"

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

மறுநாள் இறுதிச் சடங்கில், முன்பின் பார்த்திராத ஒருவரின் சவப்பெட்டிக்கு அருகில் கேமராவோடு நின்றேன். பக்கத்து நாற்காலியில் லேப்டாப். அதில் அந்த அம்மா, உறவுக்காரப் பெண்கள் இருவர் தாங்கிப் பிடித்திருக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்டக் காட்டுங்கோ, தம்பி. இடப்பக்கப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கவேணும். சின்னனில கிணத்துக்கட்டில விழுந்தவன்."

அப்போதுதான் புரிந்தது. இது தன் மகனாக இருக்காது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

நெருங்கினேன். கேமரா மூடிய கண்களை விட்டுவிட்டு, பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் கண்களையே போய்ப் பிடித்தது. இறந்தவரின் முகம் மங்கிப்போனது. "தெரியேல்லையே தம்பி" என்றார் அம்மா. பதறிப்போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பினேன். பவுடர் பூச்சுக்கு அடியில் அந்தத் தழும்பு மெல்லத் தெளிந்தது.

அம்மா திரையை நெருங்கிக் குனிந்தார். பிறகு சொன்னார்.

"ஓம். என்ர பிள்ளைதான்."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காணும் தம்பி" என்றார். என் காதுக்கு அது 'காணோம்' என்று விழுந்தது. தெரியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் நெருங்கினேன். மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் நெருங்கினேன். என்னைக் கூப்பிட்டவர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணை, காணும் எண்டா போதும் எண்டு அர்த்தம். அவவுக்கு ஏலாமக் கிடக்கு."

கேமராவைத் தாழ்த்திவிட்டேன். "மன்னிச்சிடுங்கம்மா, எனக்கு வெளங்கல" என்று மட்டும் முனகினேன்.

"அதுக்கென்ன. ஆர் பெத்த பிள்ளையோ நீங்கள். உங்கட முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ."

கேமராவை என் பக்கம் திருப்பினேன். முகம் நனைந்திருப்பது லேப்டாப்பில் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"மூடுறதைப் பாக்க என்னால ஏலாது தம்பி. நிப்பாட்டிப்போடுங்கோ. மூடும் மட்டும் நீங்கள் அவனுக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

கேமராவை அணைத்துவிட்டு, பெட்டியை மூடும் வரை இறந்தவரின் தலைமாட்டில் நின்றேன். அந்த மனிதரை உயிரோடு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு தாய் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற கனம் இன்றும் என் மனதை விட்டு இறங்கவில்லை.