நான் ரக்பி வீரனாக இருந்த மூன்று வாரங்கள்

படியேறினாலே மூச்சு வாங்கும் என்னை ஒருவர் ரக்பி வீரன் என்று நம்பினார். புவாண்ட்-கிளேர் நகரில் நான் வேலை செய்யும் குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கிய தொங்கா நாட்டுக்காரர் அவர். பதினைந்து பேர் ஆடும் ரக்பி, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர். தலையில் பட்ட அடிகளால் நினைவு தடுமாறும்போது என்னைத் தன்னோடு ஆடிய பழைய கூட்டாளி என்று நினைத்து ‘சியோனே’ என்று அழைப்பார். நானும் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

“அந்தாளோட விளையாடாதையடா,” என்றார் கூட வேலை செய்யும் செல்வம் அண்ணை.

“சும்மா பகிடிதானே அண்ணை.”

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், உறைபனி அறையில் அவர் என்னை மறித்தார். அவருடைய மூச்சு வெண்புகையாக என் முகத்தில் பட்டது.

“சியோனே, உன் சவப்பெட்டியை நான்தானே தூக்கினேன். எப்படி வந்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “நான் நம் அணியை விட்டுப் பதின்மூன்று பேர் ஆட்டத்துக்குப் போனதால்தான் என் இடத்தில் நீ இறங்கினாய், கழுத்து முறிந்து செத்தாய். என்மேல் கோபமா?”

நான் அவனில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “கோபமில்லை” என்று வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் என்னை என் பெயர் சொல்லியே அழைத்தார். செத்தவனுக்காக மன்னிக்க நான் யார்? இன்றும் அந்த அறைக்குள் நுழைந்தால், “குறை நினைக்காதை, சியோனே,” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குகிறேன்.