ஜுலேகா பீவி கட்டிய துணிக்கொடி

நர்சம்மா இறந்துபோன செய்தி ஒரு போஸ்ட் கார்டில் வந்தது. அடிவாரத்து ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி எழுதியிருந்தார். ‘அக்கா வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டார்கள். அன்றைக்கே அடக்கம் ஆயிற்று. மலைச் சனங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.’ கார்டு என் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. எங்கள் இலாகாவைச் சேர்ந்தவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்; வெள்ளிக்கிழமையே போய்த் துக்கம் கேட்டுவிட்டும் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை அவர்கள் அனுப்பிய மருந்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு இரண்டு ஆட்கள் மலையேறி வந்தார்கள். அந்த ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்ப ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மலையின் குண்டூர் நாட்டு ஊர்களிலிருந்து பெண்கள் புறப்பட்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னைக் கேட்டார்கள். “ஏனுங்க கம்பவுண்டரே, எங்க புள்ளைங்களைக் கையில ஏந்துன மகராசி. கடைசியா ஒருக்கா மொகம் பாக்க எங்களுக்குக் குடுத்து வைக்கலீங்களா?” எனக்கே கார்டு வந்த பிறகுதான் தெரியும் அம்மா என்றேன்.

பிறகு இரங்கல் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். ஒரு மேலதிகாரி வந்து மாலை போட்டுப் பேசினார். ஜுலேகா பீவி பொறுமையின் வடிவமாம். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவராம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நர்சம்மாவா பொறுமையின் வடிவம்? அவரை அறிந்தவர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். அவர் போட்ட சத்தத்தில் அந்த அதிகாரியே ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாரே, அதை மறந்துவிட்டாரா? மறக்கவில்லை. நாம் மறந்திருப்போம் என்று நினைக்கிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நர்சம்மா இங்கே மாற்றலாகி வந்தபோது மலைக்கு ரோடு கிடையாது. கரடு ஏறித்தான் வரவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்த விதவை. வந்த முதல் வாரமே வீடுவீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்த்தார். நம் பெண்களிடம் அப்போது ஆளுக்கு ஒரு சேலையோ இரண்டு சேலையோ இருக்கும். பிள்ளைக்கு ஏது துணி? சாக்குத் துண்டின்மேல் போட்டிருப்பார்கள். மூத்திரம் பெய்தால் அந்த ஈரத்திலேயே கிடக்கும். பனிக்காலத்தில் அப்படிக் கிடந்து சளி பிடித்துச் செத்த பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கம்பவுண்டராக இருந்த நான் அவர்களுக்கு மருந்து கலக்கிக் கொடுத்தேன். சாக்குத் துண்டைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நர்சம்மா நேரே கீழே இறங்கித் தம்பியின் கடைக்குப் போனார். தம்பி பெருந்தன்மையாகப் புதுத் துணியில் பத்து கஜம் கிழித்துக் கொடுக்க முன்வந்தாராம். அதற்கும் சண்டை. “புதுத்துணி எவனுக்கு வேணும்? கஞ்சி மொடமொடப்பு பச்சப்புள்ள தொடையை அறுத்துப்புடும். ஊருக்குள்ள பழைய வேட்டி வாங்கிக் குடு, நல்லா நைஞ்சதா!” என்று சத்தம் போட்டிருக்கிறார். தெரிந்த வீடுகளிலெல்லாம் கேட்டு வாங்கிய பழைய வேட்டிகளை மூட்டையாகக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார். அவற்றைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, பிள்ளையின் இடுப்பில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். ஊக்கு கூடாது என்பார். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். துவைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும். நாம் இதைப் பீத்துணி என்றுதான் சொல்வோம். எழுதும்போது மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. நர்சம்மாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

துணி வந்த பிறகும் பிள்ளைகளுக்குப் புண் ஆறவில்லை. காரணம் என்னவென்று பார்த்தால், ஒருவரும் துணியை வெயிலில் போடவில்லை. பிள்ளைத் துணிமேல் அந்தியில் கூடு திரும்பும் பறவையின் நிழல் விழுந்தால் பிள்ளைக்குத் தோஷம் என்று நம்மவர்களுக்குப் பயம். கொடி நிறையத் துணி தொங்கினால் ஊர்க்கண் பட்டுவிடும் என்று இன்னொரு பயம். வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார்கள். அது காயாது, அரைஈரமாகவே எடுத்துப் பிள்ளைக்குக் கட்டுவார்கள். நான் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தேன். நர்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “சிரிச்சுப்புட்டாப் புண்ணு ஆறிருமாங்க கம்பவுண்டரே?”

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கொடி கட்டினார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இது உங்க ஊட்டுக் கொடி இல்ல கண்ணு, சர்க்கார் கொடி. சர்க்காருக்கு ஏது கண்ணேறு? பறவைக கூடு திரும்பறதுக்குள்ள நான் நின்னு எடுத்து வெச்சர்றேன். அது வரைக்கும் வெயில் நம்முது.” யாருடைய நம்பிக்கையையும் அவர் இழிவாகப் பேசவில்லை. துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பிள்ளையின் துணி மூலையிலும் ஒவ்வொரு நிற நூலால் தையல் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்தக் கொடி நிறைந்துவிட்டது. பிள்ளைகளின் தொடைகள் சுத்தமாகிவிட்டன.

அந்தக் கொடியை அவர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? நாம் மணி பார்க்கிறதுபோலப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். ஒரு நாள் உச்சிவேளையில் என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று, “பச்சை நூலு காலையில இருந்து ரெண்டே துணிதானுங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. பச்சை நூல் என்றால் வெள்ளையம்மாளின் ஆண் குழந்தை. தினமும் அந்நேரத்துக்குள் அதற்கு ஏழெட்டுத் துணியாவது ஆகும். அவர் வெள்ளையம்மாள் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பிள்ளை முதல் நாளிலிருந்து வாந்தியெடுத்து, மூத்திரம் வற்றி, கண் உள்ளே போய்க் கிடந்தது. தாய்க்குக் காட்டில் வேலை, கவனிக்கவில்லை. கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, சாயங்காலம் வரை மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினார். பிள்ளை அவர் சேலையிலேயே மூத்திரம் பெய்தது. “பேஞ்சிட்டான் சாமி, பேஞ்சிட்டான்!” என்று அந்த ஈரச் சேலையோடு அவர் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். பிள்ளைக்குச் சொல்ல வாயில்லை, துணியைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார்.

இனி சொல்லப்போவதுதான் இரங்கல் கூட்டத்தில் ஒருவரும் சொல்லாதது.

ஒரு பெரிய மனிதர் தம் மனைவியோடு எங்கள் ஆஸ்பத்திரி விழாவுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு அந்த மேலதிகாரி வந்தார். பின்பக்கம் போய்க் கொடியைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்னய்யா இது, ஆஸ்பத்திரியா வண்ணான் துறையா? வர்றவங்க முன்னாடி பீத்துணி தொங்கணுமா?” என்றார். ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் குழந்தைகளுக்கான ரப்பர் ஜட்டிகள். உள்ளே ஒரு துணியை வைத்து மேலே இதை மாட்டிவிட்டால் ஈரம் வெளியே தெரியாது, நாற்றம் வராது, பட்டணத்தில் இதுதான் நாகரிகம் என்றார். நர்சம்மா முடியாது என்றார். பச்சைக் குழந்தையின் உடம்புக்குக் காற்றுப்பட வேண்டும், வெந்துபோகும் என்றார். அதிகாரி அவரிடம் பேசவில்லை. என் பக்கம் திரும்பி, கொடியை அவிழ்த்துவிடு என்றார்.

நான் அவிழ்த்தேன். என் கையால்தான் அவிழ்த்தேன். அது மட்டுமா? என் மகள் வசந்தாவுக்கு அப்போது ஏழு மாதம். அழகான ஒரு ஜட்டியாகப் பொறுக்கி எடுத்துப்போய் என் மனைவி சரசுவிடம் கொடுத்தேன். “நர்சம்மா வேண்டாம்னாங்களே” என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, போட்டுவிடு என்றேன்.

விழா நாளில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் ரப்பர் ஜட்டி. ஒரு சொட்டு ஈரம் வெளியே இல்லை. பெரிய மனிதரின் மனைவி வசந்தாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு அடக்கமான குழந்தை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நர்சம்மா தூரத்தில் நின்று வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று வந்தார். கேட்காமல் கொள்ளாமல் அந்த அம்மாள் மடியிலிருந்து பிள்ளையை வாங்கினார். மேசைமேல் போட்டு ஜட்டியை உருவினார்.

காலையிலிருந்து பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அத்தனையும் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. தொடை இடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நாக்கு வறண்டிருந்தது. அடக்கமாக இருந்தாள் என்றோமே, அழுவதற்குத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறாள்.

நர்சம்மா அந்த ரப்பர் ஜட்டியை அதிகாரியின் மேசைமேல் வீசினார். “உங்க கண்ணுக்கு அசிங்கமா இருக்குதுன்னு மூடி வெச்சீங்களே, இப்ப நல்லாப் பாருய்யா! கொடி இருந்திருந்தா நான் காலையிலயே பாத்திருப்பேன். இந்தப் புள்ளைக்கு எதாச்சும் ஆச்சு, உன்னை மலையை விட்டு இறங்க உடமாட்டேன்!” அப்போதுதான் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

பத்து நாள் வசந்தாவை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் சொன்னபடி சரசு பிள்ளையை இளவெயிலில் துணியில்லாமல் கிடத்தினாள், தேங்காயெண்ணெய் தடவினாள், நைந்த துணியை நனைய நனைய மாற்றினாள். புண் ஆறியது. அந்தப் பத்து நாளுக்குள்ளேயே விசாரணையும் வந்தது. பொது இடத்தில் நர்ஸ் மேலதிகாரியை மரியாதைக்குறைவாகப் பேசினாரா என்று என்னைக் கேட்டார்கள். ஏன் பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் எழுதியிருக்கலாம். என் மகள் சாகக் கிடந்தாள் என்று ஒரு வரி எழுத என் கைக்கு என்ன கேடு? ‘ஆம், பேசினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அவரைக் கீழே மாற்றல் போட்டுத் தூக்கியடித்தார்கள்.

புறப்படுகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரசுவிடம் சொன்னார்: “வாரேன் கண்ணு. நைஞ்ச துணியா வெச்சுக்க. ஒரு நாளைக்கு எத்தனை துணி ஆகுதுன்னு ஒரு கண்ணு இருக்கட்டும்.” வசந்தாவை முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனார். அதன்பின் இந்த நான்கு வருஷத்தில் நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்க எனக்கு முகம் ஏது?

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அடிவாரத்துக் கடையில் வாங்கிய ரப்பர் ஜட்டி. அவிழ்த்துப் பார்த்தால் அதே புண். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அறிவிருக்கா உனக்கு, நீயெல்லாம் ஒரு தாயா என்று கத்தித் தீர்த்துவிட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். வீட்டுக்கு வந்ததும் சரசுவிடம் சொன்னேன். நர்சம்மா இருந்திருந்தால் இப்படித்தான் கத்தியிருப்பார் என்றேன்.

சரசு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்: “நர்சம்மா ஒரு தாயைப் பாத்துக் கத்தி நான் பாத்ததில்லீங்க. மேல இருக்கறவங்களைப் பாத்துத்தான் கத்துனாங்க. நீங்க அந்த அதிகாரிங்ககிட்ட வாயே தொறக்கலியே.”

மூன்றாம் நாள் தேவனூர் நாட்டுக்கு நடந்து போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னுடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் துணியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நர்சம்மாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. மாலை போட்டுவிட்டுப் போனவர்களுக்கு அது வேண்டாம், எனக்கு வேண்டும். அதை யாரைப் பார்த்துக் காட்ட வேண்டுமென்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அந்த அதிகாரி இன்றைக்கும் எனக்கு மேலதிகாரிதான். இதில் ஒரு பிரதியை அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அடியில் என் பெயரையும், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியையும் முழுதாக எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.