அத்தையின் உயிலும் வெளி மாநிலத்துக்காரியான நானும்

மந்தைவெளியில் குடும்பமின்றிச் சொந்த வீட்டில் வாழ்ந்த என் அத்தை, தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஹைதராபாத்தில் வசிக்கும் என்னிடம் விட்டுவிட்டுக் காலமானார். கடைசிவரை தன்னைக் கவனித்துக்கொண்ட செல்வியக்கா, ஆயுள் முழுக்க மாடி அறையில் இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்.

காரியம் முடிந்ததும் பெரியப்பா மகனான அண்ணன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, செல்வியக்காவைக் காலி செய்யச் சொன்னார். "வேற ஸ்டேட்ல இருக்கிற உனக்கு இங்க என்ன உரிமை இருக்கு?" என்று என்னையும் கேட்டார். அது சரிதானோ என்று பயந்து, ஊர் திரும்ப டிக்கெட்கூட எடுத்துவிட்டேன்.

கிளம்பும் முன் ஆழ்வார்பேட்டையில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன்.

"நீங்க எந்த ஊர்ல இருந்தா என்னம்மா? அத்தை உங்க பேரைத்தானே எழுதியிருக்காங்க. அதைக் கோர்ட் உறுதி பண்ணிட்டா யாரும் தடுக்க முடியாது" என்றார். அதுவரை செல்வியக்காவை வெளியேற்றக் கூடாது என்று அண்ணனுக்கு நோட்டீஸும் அனுப்பினார்.

கோர்ட்டில் மனு போட்டுவிட்டு, பல மாதங்கள் ரயிலில் வந்துபோனேன். கடைசியில் உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதைப் படித்த அண்ணன் சாவியை நீட்டினார். உயிரோடு இல்லாத ஒருவரின் சொல்லுக்கு இத்தனை பலமா என்று வியந்தேன்.

"அம்மாவே நேர்ல வந்து பேசுன மாரி கீதும்மா" என்றார், அத்தையை அம்மா என்றே அழைக்கும் செல்வியக்கா.

இப்போது நானும் உயில் எழுதிவிட்டேன். யாரை நம்பி ஒப்படைத்திருக்கிறேன், ஏன் என்பதைப் பிள்ளைகளை உட்காரவைத்து நானே சொல்லியும் விட்டேன்.