மூன்று நாற்பது படகு

நவம்பர் பிறந்ததும் கார்தெல்லோவில் மிதிபடகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். எலுமிச்சை மரங்களுக்குப் பலகைக் கூடு கட்டுவார்கள். ஐஸ்கிரீம் கடைக்காரன் கதவில் சீட்டு ஒட்டிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். கோடை முழுக்க வெளியூர்க்காரர்களுக்கு முகம் காட்டிய ஏரி, இனி ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குத்தான்.

அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஏரியைச் சுற்றிப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். 'மூன்று மீன்' விடுதியில் இருபத்தாறு வருடமாக அறைகளைப் பார்த்துக்கொள்ளும் நீவெஸ், எதிர்க்கரைக்குப் போனது இரண்டே தடவை. ஒரு கல்யாணம், ஒரு சாவு. ஏரியைப் பார்த்த பதினெட்டு சன்னல்களையும் அவள்தான் தினமும் துடைத்தாள். எந்தச் சன்னலிலிருந்து எதிர்க்கரை ஓர்சேராவின் மணிக்கூண்டு எத்தனை விரற்கடை தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். போய்ப் பார்க்கத்தான் நாள் அமையவில்லை. கோடையில் விடுதி, குளிர்காலத்தில் விடுதி மூடினால் வீடு.

ஐம்பத்து நான்காவது வயதில் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. இனிமேல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாடியேறினால் ஊன்றுகோல்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வருடம் பார்த்து விடுதிக்காரி ஒத்தாவியா, குளிர்காலத்திலும் திறந்து வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். வரவேற்பு மேசையில் இருந்த ரெமோ பனிச்சறுக்கு ஊருக்கு வேலைக்குப் போகிறான். அவன் நாற்காலி காலியாகிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. நீவெஸ் ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டுத் திங்கட்கிழமை காலை போய்க் கேட்டேவிட்டாள்.

ஒத்தாவியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "நீவெஸ், உன் வேலையில ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா மேசைக்கு வர்ற ஆளு தலையணை கேக்க மாட்டான். எங்க போகலாம், எது திறந்திருக்குன்னு கேப்பான். நீ என்ன சொல்லுவ?"

"நீவெஸ் சிஞ்ஞோரா துணி வெளுக்கிற இடத்துக்கு வழி சொல்லுவாங்க," என்றான் ரெமோ, அந்த மரியாதைச் சொல்லைக் கேலியாக இழுத்தபடி.

சுற்றுலா படித்த பெண் ஒருத்தி கிடைப்பதாக இருந்தாள். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்து வரச் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை நீவெஸுக்கு ஓய்வு நாள். ஒத்தாவியா நாட்காட்டியைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீயே போய்ப் பாத்துட்டு வா. நவம்பர்ல தனியா வந்த ஒருத்தர் ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம்னு ஆறு மணிக்குள்ள வந்து சொல்லு. சொன்னா நாற்காலி உனக்கு. ஆறு அடிச்சா நான் போனை எடுத்துருவேன்."

வீட்டில் சொன்னபோது கணவன் துல்லியோ, தனியாகவா, எதற்கு என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் மத்தியானத்துக்கு என்ன என்று கேட்டான். நீவெஸ் ஒரு பானை சூப் வைத்து, மூடியின் மேல் கரண்டியையும் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கையில் ரெமோ தட்டச்சு செய்து எல்லா அறைகளிலும் வைத்திருந்த படகு நேர அட்டை. தோள்பையில் சலவைக் கணக்கு நோட்டு ஒன்று. போர்வை, உறை, துண்டு என்று கட்டம் போட்டது; பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

எட்டு ஐம்பது படகில் அவளோடு நாலு பேர். நவம்பர் பதினொன்று, மார்த்தீனோ புனிதர் நாளை ஒட்டி வரும் நாலைந்து நாள் வெயில் அன்றைக்கும் தப்பாமல் வந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். படகு திரும்பியபோது விடுதி முழுசாகத் தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் அதை ஏரியிலிருந்து பார்த்ததில்லை; கல்யாணத்துக்கும் சாவுக்கும் மலைச் சாலையில்தான் போனாள். ஒன்று, இரண்டு என்று சன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தவள் இரண்டாம் மாடியில் நின்றாள். பன்னிரண்டாம் அறைத் திரை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. உள்ளே இருந்து பார்த்தால் தெரியாத கோணல். எத்தனை வருடமாக ஏரி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததோ.

அதே கரையில் அடுத்த ஊரான வில்லாரொக்காவில் இறங்கினாள்; பாதி ஊர் பூட்டியிருந்தது. அருங்காட்சியகம் மூடல், மாளிகைத் தோட்டம் மூடல். கோயிலும் பூட்டு. பேசாமல் திரும்பியிருப்பாள், ஆனால் பூட்டிய அறைக்கு எங்கேயாவது சாவி தொங்கும் என்பது அவள் பிழைப்பில் கற்றது. எதிரே புகையிலைக் கடையில் கேட்டாள். கடைக்காரி சிகரெட் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து முழ நீளச் சாவியை எடுத்துக் கொடுத்து, விளக்குப் பொத்தான் இடது பக்கம், போகும்போது அணைத்துவிடுங்கள் என்றாள். பெயர்கூடக் கேட்கவில்லை. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். நீலம் நேற்றுப் பூசியது மாதிரி இருந்தது. நீவெஸ் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்து, கால் வலி ஆறும்வரை பார்த்தாள். கோடையில் இங்கே நிற்கவே இடமிருக்காதென்று கடைக்காரி அப்புறம் சொன்னாள்.

சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களின் காப்பிக் கடை, அதன் பின்னாலிருந்து அருவிக்குப் போகும் பாதை, பதினொரு மணிக்கு இரண்டாவது ஈடு ரொட்டி எடுக்கும் அடுமனை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு பன்னிரண்டே கால் படகில் ஓர்சேராவுக்குக் கடந்தாள்.

அங்கே கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆனால் சதுக்கத்தில் வாத்தியக் கோஷ்டி, ஓட்டைச் சட்டியில் கஷ்கொட்டை வறுக்கும் புகை, ஊரே வெளியில். ஓர்சேராவின் காவல் புனிதர் மார்த்தீனோ. அவர் நாள் அந்த ஊருக்கு மட்டும் விடுமுறை. படகுத்துறைக்கு மேலே இருந்த உணவுக்கடையில் நுழைந்தாள். "எத்தனை பேர்?" என்று கேட்டாள் கடைக்காரி எர்சீலியா. நீவெஸ் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒருநாளும் தனியாக உணவுக்கடையில் உட்கார்ந்ததில்லை.

"ஒருத்தி," என்றாள்.

சன்னலோர மேசை கிடைத்தது. வாத்து இறைச்சியும் சோளக்களியும் புது ஒயினும் வந்தன. யாருக்கும் பரிமாறாமல், யார் தட்டையும் கவனிக்காமல் முழுசாகச் சாப்பிட்டு முடித்தாள். களி மீண்டும் கேட்டு வாங்கினாள்.

அடுத்த மேசையில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். முகம் பழக்கமில்லை, மூக்குக் கண்ணாடியில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு பழக்கமானது. பன்னிரண்டாம் அறைத் தலையணை மேல் அதை இரண்டு நாளாக எடுத்து வைப்பவளே நீவெஸ்தான். குளிர்காலத்தின் முதல் விருந்தாளி, திரியெஸ்தேயிலிருந்து தனியாக வந்த ஆசிரியை லீவியா. நீவெஸ் தன்னைச் சொல்லிக்கொண்டதும் அவள் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து பத்து படகில் திரும்பப்போவதாகச் சொன்னாள். கடைசிப் படகு அதுதான் என்று ரெமோ சொல்லியிருந்தானாம். நீவெஸின் எண்ணமும் அதுதான். பயணம் அரைமணிக்கும் குறைவு, ஆறுக்குள் போய்விடலாம்.

மூன்று மணி தாண்டியதும், நேரங்களைச் சரிபார்த்து எழுதிக்கொள்வோமென்று நீவெஸ் கீழே படகுத்துறைப் பலகைக்குப் போனாள். ரெமோவின் அட்டையில் மூன்று நாற்பதுக்குப் பக்கத்தில் ஓர் எஃப். ஐந்து பத்துக்குப் பக்கத்திலும் ஓர் எஃப். பலகையில் அப்படி இல்லை. மூன்று நாற்பது: ஃபெரியாலே, வேலை நாள். ஐந்து பத்து: ஃபெஸ்திவோ, விடுமுறை நாள். எங்கள் மொழியில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ரெமோ இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறான். இன்றைக்கு வேலை நாள் என்றால் கடைசிப் படகுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். விட்டால் மலையைச் சுற்றிப் போகும் சாலை. செவ்வாய்க்கிழமைகளில் அதில் பேருந்தும் கிடையாது.

மேலே வந்து சொன்னாள். எர்சீலியா சிரித்துவிட்டாள். "இன்னிக்கு விடுமுறைம்மா. பள்ளிக்கூடமே மூடியிருக்கு. அஞ்சு பத்துதான் வரும், மூணு நாப்பது வராது. நான் இந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாதா? உக்காருங்க, கஷ்கொட்டைக் கேக் வெட்டப்போறேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். லீவியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீவெஸுக்குச் சலவை வண்டி ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் கார்தெல்லோவின் புனிதர் நாள். ஊரே ஊர்வலத்தில் இருக்கும்; சலவைக்காரர் மலைக்கு அப்பால் வேறு ஊர். வண்டி வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு வருடமும் மூட்டைகளை அவள் ஒருத்தியே இழுத்து ஏற்றுவாள்.

"விடுமுறை உங்க ஊருக்கு," என்றாள். "படகு உங்க ஊர்க்காரனா? அதுக்கு இது வெறும் செவ்வாய்க்கிழமை."

"ஒரு வருஷம் மார்த்தீனோ அன்னிக்கு நானே அஞ்சு பத்துல போயிருக்கேன்."

"அது என்ன கிழமை?"

எர்சீலியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். நீவெஸ் கோட்டை எடுத்து மாட்டினாள். லீவியாவும் எழுந்தாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் முழங்கால் பல்லைக் காட்டியது. துறையில் ஒரு ஈ காக்காய் இல்லை. மணி மூன்று நாற்பது. மூன்று நாற்பத்திரண்டு. கடை வாசலில் ஆறேழு பேர் கிளாஸோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கேக் துண்டைத் தூக்கிக் காட்டினான். லீவியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தான் கெட்டதும் இல்லாமல் விடுதியின் ஒரே விருந்தாளியையும் குளிரில் நிறுத்திவிட்டோமோ என்று நீவெஸ் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போது பாறைமுனையைத் தாண்டி வெள்ளையாக ஒன்று வந்தது.

கயிறு வீசிய படகுக்காரனிடம் நீவெஸ் வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள், ஐந்து பத்து உண்டா என்று.

"அது ஞாயித்துக்கிழமை வண்டி சிஞ்ஞோரா. இன்னிக்கு இதான் கடைசி."

நீவெஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கேக் கீழே இறங்கியிருந்தது. எர்சீலியா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, உள்ளே போய்க் காகிதத்தில் சுற்றிய இரண்டு துண்டுகளோடு யாரையோ ஓடவிட்டாள். படகு அதற்காக அரை நிமிடம் நின்றது.

விடுதிக்குள் நுழைந்தபோது நாலரைகூட ஆகவில்லை. நீவெஸ் வாயைத் திறக்குமுன் லீவியா நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த அம்மா இல்லாவிட்டால் இன்று ராத்திரி எனக்கு ஓர்சேரா படகுத்துறைப் பெஞ்சுதான் என்று முடித்தாள்.

"எஃப்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றான் ரெமோ.

ஒத்தாவியா அட்டையை அவன் பக்கம் திருப்பினாள். "இது எந்த எஃப்?"

ரெமோ அட்டையைப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். காது சிவந்தது.

அதன்பின் நீவெஸ் நோட்டைப் பிரித்துத் தன் நாளைச் சொன்னாள். புகையிலைக் கடைச் சாவி, இடது பக்க விளக்குப் பொத்தான், பதினொரு மணி ரொட்டி, தனியாகப் போனால் சன்னலோர மேசை. முடிந்ததும் ஒத்தாவியா போனை எடுத்து, சுற்றுலா படித்த அந்தப் பெண்ணிடம் இடம் நிரம்பிவிட்டது என்றாள். ஆறு மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நீவெஸ் மேசையைச் சுற்றிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூசி தட்டியிருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. நெட்டையன் ரெமோவுக்கு வைத்த உயரம். கால் தரையில் பாவவில்லை.

"ரெமோ, ஊருக்குப் போறதுக்குள்ள இதைக் கொஞ்சம் இறக்கி வெச்சுடு," என்றாள். அட்டையை எடுத்து இரண்டு எஃப்களையும் அடித்துவிட்டு முழு வார்த்தைகளாக எழுதினாள். "அப்புறம், லீவியா சிஞ்ஞோராவோட பன்னண்டாம் ரூம் திரை கோணலா இருக்கு. மாடிக்குப் போய் அதையும் சரி பண்ணு. இங்கேருந்து பாத்தா தெரியாது. ஏரியிலேருந்து பாத்தாத்தான் தெரியும்."