பாட்டுக்கு ஆள் தேடிய பௌர்ணமி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசிப் பௌர்ணமியன்று நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் சின்ன தேவாலயத்தில், பாடகர் குழுவை நடத்த ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்காக நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.

கிரிவலக் கூட்டம் நெரியும் பௌர்ணமியன்று வெளியூர்க்காரர் யாரையும் வேலையாக இந்த ஊருக்கு வரச் சொல்லக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆட்டோ ஓடாது, போனில் டவர் கிடைக்காது. ஆனால் எங்கள் போதகர் அப்போதுதான் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருந்தார். சனிக்கிழமை எல்லோருக்கும் லீவு என்பதை மட்டும் பார்த்துத் தேதியைக் குறித்துவிட்டார். நான் காலண்டரைக் காட்டிச் சொல்வதற்குள் வரவேண்டியவர்களுக்குத் தகவல் போய்விட்டது.

எங்களுக்கும் அவசரம்தான். பல வருடமாகப் பாட்டுக்கு இருந்தவர் தன் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அதன் பிறகு யாராவது ஒருவருடைய போனை ஸ்பீக்கரில் மாட்டிப் பாட்டைப் போடுவோம். அது பாடும், நாங்கள் நிற்போம். கொஞ்ச நாளில் ஜனங்கள் பாட்டு முடிந்த பிறகு வர ஆரம்பித்தார்கள். பிறகு, வராமலே இருக்க ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குப் பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும் என்று போதகர் கவலைப்பட்டார்.

கமிட்டியில் அவரைத் தவிர, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொருளாளர், கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் ஓர் இளைஞர், பெண்கள் சார்பில் நான். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

வருவதாக இருந்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் வேலூர்க்காரர், இளைஞர். கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே கீபோர்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். அவர் விரல் வைத்ததும் தேவாலயமே வேறு இடமாக மாறிவிட்டது. புல்லாங்குழல் கேட்டது, வயலின் கேட்டது, எங்கோ மழை பெய்வது போலக்கூடக் கேட்டது. பாடவும் செய்தார், நல்ல கணீர்க் குரல். நாங்கள் மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தோம். அவர் போன பிறகு பொருளாளர், "இன்னும் எதுக்குங்க இன்னொருத்தர். இவரையே வச்சிக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இரண்டாமவர் செஞ்சியிலிருந்து வர வேண்டிய ஒரு பெண்மணி. மத்தியானம் வரவேண்டியவர் வரவில்லை. போன் போகவில்லை. வெளியே சாலை மெல்ல மெல்ல நிறைந்துகொண்டே வந்தது. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மலை உச்சியில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்த ஈர வெளிச்சத்தில் கிரிவலம் போகிறவர்கள் ஓசையில்லாமல் நகர்வதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறுங்கால்கள், ஆயிரக்கணக்கில். பார்க்கப் பார்க்க அவர்கள் நிற்பது போலவும், எங்கள் தேவாலயம்தான் படகு மாதிரி அவர்களுக்கு நடுவே நகர்ந்து போவது போலவும் இருந்தது. எனக்குத் தூக்கம் வந்ததா, இல்லை வேறு ஏதாவதா, தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பொருளாளர் சாவியை எடுத்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் பிரிந்து எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். வெளிர்நீலப் புடவை, தோளில் பை, கையில் செருப்பு.

அவர் பேசியதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாதி குரல், பாதி காற்று. காதைத் தீட்டிக் கேட்டால்தான் புரியும்.

"மன்னிச்சிக்கங்க ஐயா. பஸ்ஸ கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டாங்க. அங்கேருந்து இவங்களோடவே நடந்து வந்துட்டேன்."

"செருப்பு அறுந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. எல்லாரும் வெறுங்கால்ல நடக்கறாங்க. நான் மட்டும் போட்டுக்க ஒருமாதிரியா இருந்துச்சி" என்று சிரித்தார்.

தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிட்டார். அவர்கள் ஊர் ஆலயத்தில் சின்ன வயதிலிருந்தே முன்னால் நின்று பாடியவர். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குரல் திரும்பி வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையை டாக்டர்களும் விட்டுவிட்டார்கள்.

பொருளாளர் மனதில் பட்டதை அப்படியே கேட்கிறவர். "பாடவே முடியாதவங்க பாட்டுக்கு எப்படிம்மா தலைமை தாங்க முடியும்?"

"எனக்கு வராதுங்க. உங்களுக்கு வருமில்ல" என்றார் அவர். அதில் வருத்தமோ வீறாப்போ இல்லை.

விரிவுரையாளர் எழுந்து சன்னலைச் சாத்தப் போனார். வெளியே இரைச்சல் ஜாஸ்தியாகிவிட்டது. அந்தப் பெண்மணி, "அது திறந்தே இருக்கட்டுங்க" என்றார். பிறகு எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்கச் சொன்னார்.

கேட்டோம். முதலில் தனித்தனியாகத்தான் கேட்டது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஒரு விசில், தூரத்தில் அரோகரா. கொஞ்ச நேரம் போனதும் எல்லாம் ஒன்றாகிக் கீழே ஒரு ஓசை ஓடுவது தெரிந்தது. இத்தனை வருடம் இதே ஊரில் இருந்திருக்கிறேன், எத்தனையோ பௌர்ணமிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓசையை அன்றுதான் கேட்டேன். தம்புராவை யாரோ மலைக்கு அந்தப் பக்கம் மீட்டுவது மாதிரி இருந்தது.

"அதுக்குள்ளயே சும்மா முனகுங்க. பாட வேணாம்."

போதகர் தொடங்கினார். விரிவுரையாளர் சேர்ந்துகொண்டார். பொருளாளர்கூட, வேண்டாவெறுப்பாகத்தான், ஆனால் சேர்ந்துகொண்டார். அவருக்கு அவ்வளவு கனமான, அழகான கீழ்க்குரல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்று குரலும் சன்னலுக்கு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தன.

அந்தப் பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், உங்களோடது மட்டும் எனக்குக் கேக்கலீங்க."

நான் கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரிடம்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை அங்கே ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழாப் பாட்டில் நின்றேன். ஒத்திகையில் டீச்சர் என் முன்னால் வந்து, "நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு நான் எங்கேயும் பாடியதில்லை. பள்ளியில் தேசிய கீதத்துக்குக்கூட வாய் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் நின்று, இத்தனை வருடமும், வாயை மட்டும் அசைத்திருக்கிறேன். என் பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் அது தெரிந்ததில்லை.

சொல்லி முடித்தேன். அந்தப் பெண்மணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு, "நாம ரெண்டு பேருமா பாடலாங்க. என்னோடது உங்களோடத விட மோசமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றார்.

பாடினார். எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனை. அந்தக் குரல் உடைந்து, இடையில் வெறும் மூச்சாகி, மறுபடி எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிக்க உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், தன்னிடம் இல்லாத ஒன்றை அவர் அப்படியே காட்டிக்கொண்டிருந்தார். எனக்காக. அது புரிந்தபோது என் தொண்டையும் திறந்துகொண்டது. எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்ருதி நிச்சயம் சேர்ந்திருக்காது. ஆனால் என் காதிலேயே என் குரல் விழுந்தபோது, வீட்டுக்கு யாரோ புதிதாக வந்திருப்பது போல நான் திரும்பிப் பார்த்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது, யாரும் விளக்குப் போடவில்லை. மற்ற மூவரும் எப்போது எங்களோடு சேர்ந்தார்கள் என்பதும் நினைவில்லை.

பாடி முடித்ததும் அந்தப் பெண்மணி வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொள்ளப் போய், வேண்டாம் என்று மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அவர் போனதும் விளக்கைப் போட்டோம், பேச்சும் தொடங்கியது. "நல்ல அம்மாதான். ஆனா பாட்டு வராதவங்கள பாட்டுக்கு வச்சா ஊரே சிரிக்கும்" என்றார் பொருளாளர். விரிவுரையாளர் வேலூர்க்காரர் பக்கம். இளைஞர்களுக்குக் கீபோர்டு பிடிக்கும் என்றார், அதுவும் நியாயம்தான். போதகர் என்னைப் பார்த்தார்.

எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. என்னைப் பாட வைத்துவிட்டார் என்பதற்காக ஒருவருக்கு வேலை கொடுக்கலாமா? இது சபையின் காரியம், என் சொந்தக் காரியம் இல்லை. விரிவுரையாளரிடம் கேட்டேன்: "காலையில அவர் வாசிக்கறப்ப நாம என்ன செஞ்சிட்டிருந்தோம் தம்பி?"

"கேட்டுட்டு இருந்தோம்."

"இப்ப?"

அவர் திறந்திருந்த சன்னலைத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்றார். பொருளாளர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில ஞாயிறுகள் கேட்கச் சகிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒரு குடும்பம், நல்ல பாட்டு இருக்கிற சபையாகப் பார்த்துப் போய்விட்டது. அந்தப் பெண்மணி அசரவில்லை. முன்னால் நிற்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். யாருடைய குரல் கேட்கவில்லையோ அவர் பக்கத்தில் போய் நிற்பார். கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நின்று கேட்பார், அவ்வளவுதான். கார்த்திகை முடிந்து பனி இறங்கும் நேரத்தில் எங்கள் பாட்டு மெல்ல ஒன்றுகூடியது. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்த பிறகும் ஜனங்கள் எழுந்து போகாமல் இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று உட்கார்ந்திருந்தார்கள். பொருளாளர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரையும் விட அவர் குரல்தான் கூரையைத் தொட்டது. வேலூர்க்காரருக்கு வேறொரு பெரிய ஆலயத்தில் வேலை கிடைத்து நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது என் மனதும் லேசானது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் ஒரு காலையில் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பேப்பரோடு வாசலில் வந்து நின்றார். "ரேடியோ ஓடுதுனு நினைச்சேன்" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் என் பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எதுவும் கேட்காமல் அங்கேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் நிறுத்தவில்லை.

அந்தப் பெண்மணிக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை, இனி திரும்பாது என்றும் சொல்கிறார். தனக்கு இல்லாமல் போன ஒன்றை இன்னொருவரிடம் தேடிக் கண்டுபிடித்து, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட ஒரு மனிதரால் முடியும் என்பதை நேரில் பார்த்தவள் என்பதால், பள்ளியில் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை இப்போதெல்லாம் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.