எங்கள் தெருவைப் பற்றி நான் கொடுத்த முறைப்பாடு

எங்கள் தெருவில் வீடு வாங்கிய முதல் தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். இதைப் பல வருடங்களாகப் படித்து வாங்கிய பட்டம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மொன்றியலில் முதல் ஒன்பது வருடம் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தோம். கீழ்வீட்டு மீன்பொரியலும் மேல்வீட்டு உள்ளிவாசமும் எங்கள் திரைச்சீலைகளில் வாடகையில்லாமல் குடியிருந்தன. அதன் பிறகுதான் மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போகும் பஸ் கடந்து போகிற சிற்றூர் ஒன்றில் இந்த வீட்டை வாங்கினோம். முன்னால் புல், பின்னால் புல், பக்கத்தில் கராஜ். அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. குப்பைத் தொட்டியை எத்தனை மணிக்கு வெளியே வைக்கலாம், ஒற்றைப்படை இலக்க வீட்டுக்காரர் எந்த நாளில் புல்லுக்குத் தண்ணீர் விடலாம், பனிக்காலக் கார்க் கூடாரத்தை எந்தத் தேதிக்குள் கழற்ற வேண்டும், எல்லாம் நகரசபை எழுதி வைத்திருக்கிறது. சின்ன வயதில் தேவாரத்தைக்கூட நான் அப்படிப் பாடமாக்கியதில்லை. கூடாரத்தைத் தேதிக்கு ஒரு கிழமை முன்பே கழற்றச் சொல்லி என் கணவரின் உயிரை எடுப்பேன்.

"மற்ற வீடுகளிலை இன்னும் கழட்டேல்லை" என்பார்.

"மற்றவை கழட்டாட்டி ஒண்டும் இல்லை. நாங்கள் கழட்டாட்டித்தான் கதை வரும்."

அது எனக்கு அப்போது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

வந்து நாலாவது வருடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இன்னொரு தமிழ்க் குடும்பம் வந்தது. லாசாலில் அபார்ட்மெண்டில் இருந்து, பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு, வேலைக்காலச் சேமிப்பைப் போட்டு வாங்கி வந்த ஒரு அக்காவும் அண்ணையும். அண்ணை பாண் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாயெல்லாம் பல்லாக வரவேற்றேன். ஆனால் அவர்களுடைய பொருட்கள் இறங்கிய அன்று, கராஜுக்குள் போன பெரிய அலுமினியச் சட்டிகளையும் காஸ் அடுப்பையும் ஜன்னலால் பார்த்தபோது, மனதில் ஏதோ சுருக்கென்றது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒளித்து என்ன பயன்?

தெருமூலையில் ஒரு பழைய கல்வீடு. அதில் எண்பது தாண்டிய பிரெஞ்சுக்கார மூதாட்டி ஒருவர் தனியாக இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை, பிரெஞ்சு மதாமைத் திருப்பி, மடம் என்றுதான் சொல்வோம். இந்தத் தெரு முழுவதும் ஒருகாலத்தில் அவருடைய தகப்பனின் பண்ணை. ஏரிக்கரையில் தொடங்கி ரயில் பாதை வரைக்கும் ஒடுங்கலாய் நீண்டு கிடந்த காணி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு கட்டடக்காரர் அதை வாங்கித் துண்டு போட்டு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகளைக் கட்டி, தெருக்களுக்குத் தன் பெண்பிள்ளைகளின் பெயர்களை வைத்தாராம். ஊரைப் பெருநகரத்தோடு சேர்த்ததும், சனங்கள் வாக்குப் போட்டுத் திரும்பப் பிரிந்ததும் நாங்கள் வருவதற்கு முன்னரே நடந்தவை. இதையெல்லாம் நான் அறிந்தது ஊரின் சரித்திரக் குழுவில் சேர்ந்ததால். குழுவில் வெள்ளைக்காரர் அல்லாத ஒரே ஆள் நான்தான். இன்னொரு பட்டம்.

அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். மடத்துக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இருவரும் வேலியில் நின்று அரைமணி நேரம் கதைப்பார்கள். அக்கா தக்காளி நாற்று கொடுத்தா. மடம் ஜாம் கொடுத்தார். ஒருநாள் அக்கா ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொடுக்க, மடம் அதைத் தன் பட்டாணி சூப்பில் அரைக்கரண்டி போட்டுக் குடித்துப் பழகிவிட்டார். பனிக்காலத்தில் அண்ணை தன் வாசல் பனியை அள்ளி முடித்துவிட்டு, கேட்காமலே மடத்தின் படிகளையும் துப்புரவாக்கிவிட்டு வருவார். இவ்வளவு பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசிய என்னை அந்தத் தெருவில் யாரும் அப்படி வேலியில் நிறுத்திக் கதைத்ததில்லை.

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் அக்காவும் அண்ணையும் ஒரு வருடத்துக்குத் தேவையான தூளை வறுப்பார்கள். வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் கத்தும். அதனால் கராஜ் கதவைத் திறந்து வைத்து, காஸ் அடுப்பில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக வறுத்துக் கொட்டுவார்கள். அண்ணை தும்முவார், அக்கா பேசுவா, திரும்பவும் தும்முவார். தங்களுக்கு மட்டும் இல்லை. வில்லரேயில் இருக்கும் மகளுக்கு, லாசால் சிநேகிதர்களுக்கு, எங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு சதம் வாங்க மாட்டா. அவ வறுத்த தூளைப் போட்டுத்தான் என் வீட்டில் மூன்று வருடமாகக் கறி வைத்தேன்.

அந்த ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை சரித்திரக் குழுவை என் வீட்டுப் பின்வளவுக்குத் தேநீருக்கு அழைத்திருந்தேன். நூலகத்தில் வைக்கப்போகும் பழைய படக் கண்காட்சியைப் பற்றிப் பேச. மேசைவிரிப்பைக் கஞ்சி போட்டு மினுக்கி விரித்திருந்தேன். வடை சுடலாம் என்று கணவர் சொன்னதற்கு, வேண்டாம், எண்ணெய் வாசம் உடுப்பில் பிடிக்கும் என்று வெள்ளரிக்காய் சாண்ட்விச் வெட்டினேன். எல்லோரும் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, காற்றுத் திரும்பியது. முதலில் குழுத் தலைவர் இருமினார். பிறகு பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்தார். யாருடைய வீடாவது எரிகிறதா என்று ஒருவர் எழுந்து பார்த்தார்.

"இது என்ன வாசம், உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. தெரிந்தால் சொல்வாள் என்றுதான் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். எங்கள் ஊர்த் தூள், இப்படித்தான் வறுப்பது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்றால் அவர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவேளை கராஜுக்கே போய்ப் பார்த்திருப்பார்கள். நான் தெரியாது என்றதோடு நிற்காமல், "இந்தப் பக்கம் முந்தி இப்படி இருந்ததில்லை" என்றும் சொன்னேன். இருமிக்கொண்டே எல்லோரும் நேரத்தோடு போய்விட்டார்கள். மிஞ்சிய சாண்ட்விச்சுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலை நகரசபையின் இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினேன். பெயர் வெளியிடப்படாது என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் தமிழ் ஆள் என்று பிடிபடுவேனோ என்று பயந்து, என்னிடமிருந்த நல்ல பிரெஞ்சு முழுவதையும் கொட்டி எழுதினேன். வாசம் என்று மட்டும் எழுதினால் கவனிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால் கராஜில் வியாபாரத்துக்குச் சமைப்பதாகச் சந்தேகம் என்று ஒரு வரி சேர்த்தேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும். அனுப்பிவிட்டு எழுந்து போய்ப் பருப்புக் கறிக்குத் தாளித்தேன்.

இரண்டு கிழமையில் அக்கா ஒரு கடிதத்தோடு என் வாசலில் நின்றா. முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிள்ளை, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. நகரசபையாலை வந்திருக்கு. எனக்குக் கைகால் ஓடேல்லை."

என் பிரெஞ்சு அந்தக் கடிதத்திலிருந்து என்னைப் பார்த்தது. இரண்டு வசனங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வாசித்துச் சொன்னேன். கராஜில் சமைக்கக் கூடாதாம், திரும்பவும் செய்தால் தண்டமாம், ஆள் வந்து பார்ப்பார்களாம்.

"பொலிசோ வரும்?"

"இல்லை அக்கா, நகரசபை ஆள்தான். பயப்பிடாதேங்கோ. நான் பதில் எழுதித் தாறன்."

எழுதியும் கொடுத்தேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் அதுதான். அக்கா என் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்" என்று அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டா.

"ஆர் குடுத்திருப்பினம்?"

"பேர் போடமாட்டினம் அக்கா."

"எனக்குத் தெரியும். மூலை வீட்டு மனுசிதான். அண்டைக்கு வறுக்கேக்கை கராஜ் வாசல்லை வந்து நிண்டு இருமிப்போட்டு, ஒண்டும் பேசாமல் திரும்பிப் போனவ. இவ்வளவு பழகிப்போட்டு முகத்துக்கு நேரை சொல்லாமல் காயிதம் போட்டிருக்கிறா பார்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மடமாக இருக்காது என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் மடம் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி வரும். கடிதத்தை நாலாக மடித்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

அண்ணை அடுப்பை யாருக்கோ கொடுத்துவிட்டார். வேலிக் கதை நின்றது. மடம் கை காட்டினால் அக்கா காணாதது மாதிரி உள்ளே போய்விடுவா. பனி வந்தது. அண்ணை தன் வாசலை மட்டும் அள்ளிவிட்டு உள்ளே போனார். ஒரு காலையில் மடம் சின்னப் பிளாஸ்டிக் வாளியோடு வந்து, படிகளில் குனிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோப்பையால் உப்புத் தூவுவதை என் ஜன்னலால் பார்த்தேன். கணவரைப் போய் அள்ளிவிடச் சொன்னேன். "அண்ணை ஏன் விட்டவர்?" என்று கேட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை.

மாசி மாதம் கண்காட்சிக்காக மடத்தின் நினைவுகளைப் பதிவு செய்ய அவர் வீட்டுக்குப் போனேன். பழைய படங்களை மேசையில் பரப்பிவிட்டுப் பண்ணையை ஏன் விற்றார்கள் என்ற கதையைச் சொன்னார். முதல் பத்து வீடுகள் வந்த வருடம், பன்றி எரு மணக்கிறது என்று யாரோ நகரசபைக்கு எழுதிவிட்டார்களாம். தகப்பனுக்குக் கடிதம் வந்ததாம். அபராதம் அவரை ஒன்றும் செய்யவில்லையாம். யார் எழுதியது என்று தெரியாததுதான் அவரைத் தின்றதாம். அதன் பிறகு தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நீயா, நீயா என்று பார்த்துக்கொண்டே திரிந்தார், இரண்டாம் வருடம் மிச்சக் காணியையும் விற்றுவிட்டார் என்றார்.

பிறகு, "உங்கள் அக்கா என்னோடு ஏன் பேசுவதில்லை? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "ஓகஸ்டில் தூள் வறுத்தபோது எனக்குக் கொஞ்சம் கேட்கத்தான் போனேன். இருமல் வந்து பேச முடியவில்லை. அடுத்த நாள் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் என்ன நடந்தது?"

தெரியாது என்றேன். இரண்டாம் தடவை.

கண்காட்சியில் அவருடைய தகப்பனின் படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி இது: புதிய குடியிருப்பாளர்களின் வருகையோடு விவசாயம் படிப்படியாக மறைந்தது. எருவும் இல்லை, கடிதமும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று தலைவர் பாராட்டினார்.

வைகாசியில் மடத்தின் வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். போவதற்கு முந்தின நாள் பின்னேரம் என் கதவைத் தட்டி, தன்னோடு அக்கா வீட்டுக்கு வரச் சொன்னார். "எனக்காக நீங்கள் பேச வேண்டும்" என்றார். மறுக்க ஒரு சாட்டும் அகப்படவில்லை.

அக்கா கதவைத் திறந்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மடம் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குப் போகிறேன். உங்களுக்கு நான் ஏதாவது தீங்கு செய்திருந்தால், என்னவென்று சொல்லுங்கள். தெரியாமல் போக எனக்கு மனமில்லை. பார்தோன்." கடைசிச் சொல் அக்காவுக்கு விளங்கியது. மெட்ரோவில் இடித்தவர்கள் சொல்கிற சொல்.

"என்ன சொல்லுறா?" என்று அக்கா என்னைக் கேட்டா.

இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தது. நான் என்று தொடங்கினால் போதும்.

"தான் செய்தது பிழையாம் அக்கா" என்றேன். "மன்னிக்கட்டாம்."

அக்கா நிலையிலிருந்து கையை எடுத்தா. பிறகு, "ஏன் எனக்கு நேரை சொல்லேல்லை எண்டு மட்டும் கேள். சொல்லியிருந்தா அண்டைக்கே அடுப்பை நிப்பாட்டியிருப்பன்" என்றா.

நான் மடத்தின் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு தீங்கும் செய்யவில்லையாம். பனிக்காலம் முழுக்க அவருக்குச் சுகமில்லையாம், அதனால்தான் வெளியே வரவில்லையாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். மடத்தின் முகம் மலர்ந்தது. அக்கா அதைப் பார்த்து, கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையும் மறந்து, எட்டி அவரைக் கட்டிப்பிடித்தா. மடம் அழுதார். அக்காவும் அழுதா. அக்கா உள்ளே ஓடிப்போய், மகள் வீட்டில் வறுத்த தூளில் ஒரு போத்தல் கொண்டுவந்து அவர் கையில் திணித்தா. மடம் எனக்கு மூன்று தரம் மெர்சி சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றி மூலை வீட்டுக்கு நடந்தார்.

அவர் வாசலைத் திறந்து உள்ளே போகும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றா.

"இவ்வளவு வயசிலை, வீடு தேடி வந்து தான் செய்தது பிழை எண்டு சொல்லுறதுக்கு ஒரு மனம் வேணும் பிள்ளை" என்றா. "எங்கட சனத்திலை ஒருத்தி சொல்லுவாளோ?"

"சொல்லமாட்டாள் அக்கா" என்றேன்.